தகரப் பெட்டிக்குள் உறங்கும் தோட்டம்

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்துச் சொற்பொழிவென்றால் புராணமோ திருமுறையோ பேசப்படும் என எதிர்பார்த்து வந்திருப்போர் பலர். இன்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் பொருள் அதுவன்று. வீடுகளில் அலமாரியின் மேல்தட்டிலும் கட்டிலுக்கடியிலும் பிஸ்கட் டின்களில் அடைபட்டுக் கிடக்கின்ற பழைய படச்சுருள்களைப் பற்றியது இவ்வுரை. நெகட்டிவ் என்று எல்லாரும் அழைக்கின்ற அந்தச் சுருண்ட துண்டுகளைக் கணினிக்குள் கொண்டுவந்து மின்வடிவில் காப்பது எங்ஙனம், அதில் நேரும் பிழைகள் யாவை, ஏன் அதை நாள் கடத்தாமல் செய்ய வேண்டும் என்பவை ஒரு குடும்பத்தின் பட்டறிவைக் கொண்டு இங்கு விளக்கப்படுகின்றன.

படச்சுருளைப் பற்றி முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். ஒளி பட்ட இடம் கருமையாகவும் ஒளி படாத இடம் தெளிவாகவும் பதிவதால் அதில் வெள்ளைச் சட்டை கருப்பாகவும் கருங்கூந்தல் வெண்மையாகவும் தெரியும். அதை மீண்டும் தாளின்மீது ஒளிபாய்ச்சி எடுப்பதே அச்சுப் படம். ஆகவே சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் படம் பிள்ளை. டின்னுக்குள் கிடக்கும் சுருளே தாய். பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்விட்டன. உறவினர் ஒவ்வொருவரும் ஆளுக்கொன்றாக எடுத்துச் சென்றுவிட்டனர். தாயை மட்டும் எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத காரணத்தினாலேயே பல வீடுகளில் அது இன்றும் இருக்கிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாகப் பணியாற்றிய ஒருவர் 1955 முதல் 1974 வரை படமெடுத்து வந்தார். தோட்டத்துரை ஒருவர் தாயகம் திரும்பியபோது விற்றுச் சென்ற இரட்டை வில்லை ரோலைகார்ட் கேமராவே அவருடைய முதற்கருவி. இடுப்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்கும் வகை அது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். பிற்காலத்தில் 35 மில்லிமீட்டர் சுருள் கொள்ளும் சிறிய யாஷிக்கா ஒன்றையும் வாங்கினார். சுருளைக் கழுவப் பட்டணத்து ஸ்டூடியோவுக்கு அனுப்புவார். கழுவும் கூலி குறைவு, அச்சிடும் கூலி மிகுதி. மாதச் சம்பளக்காரரான அவர் பன்னிரண்டில் இரண்டை மட்டும் அச்சிட்டுக்கொண்டு, எஞ்சியதைச் சுருட்டி ரப்பர்ப் பட்டை போட்டு டின்னில் வைத்துவிடுவார். ஆகவே அவர் எடுத்த படங்களுள் பெரும்பகுதியை அவர்கூடத் தாளில் பார்த்ததில்லை.

அவர் எடுத்தவை கலைப் படங்கள் அல்ல. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் வரிசையாக நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளர்கள், ஆயாக் கொட்டகையில் ஏணையில் உறங்கும் குழந்தைகள், தோட்டப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி, லயத்து வாசலில் பல் துலக்கும் சிறுவன், தீமிதித் திருவிழாவில் தலையில் கரகம் ஏந்திய பூசாரி, கல்யாணங்கள், சாவுகள். படமெடுப்பவருக்குக் கூலி கொடுக்க இயலாதவர்கள் அனைவருக்கும் அவரே படக்காரர். 1989-இல் அவர் காலமானார். 1998-இல் தோட்டத்து நிலம் கைமாறியது, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் கிள்ளான், பந்திங், காப்பார் என்று சிதறினர். பதினொரு டின்களும் அவருடைய மனைவியோடு காப்பாரிலுள்ள மகள் வீட்டுக்கு வந்து, தையல் இயந்திரத்துக்குப் பின்னால் பதினான்கு ஆண்டுகள் கிடந்தன.

2012-இல் வீட்டுக்கு வர்ணம் பூசியபோதுதான் முதல் டின் திறக்கப்பட்டது. மூடியைத் தூக்கியவுடன் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததைப் போன்ற புளித்த நெடி வீசியது. எலியோ பல்லியோ செத்துக் கிடக்கிறதென எண்ணி டின்னையே வெளியில் வைத்துவிட்டார்கள். அது வினிகர் நெடி. அந்தக் காலத்துச் சுருள்களின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஆனது. வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வெளியான அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். ஆதலால் ஒருமுறை தொடங்கிவிட்டால் நாளுக்கு நாள் விரைவு கூடுமேயன்றிக் குறையாது. மூடிய டின்னுக்குள் அந்த ஆவி போக வழியின்றிப் பக்கத்துச் சுருளையும் தொற்றிக்கொள்ளும். அடித்தளம் சுருங்க, மேலுள்ள படப்படலம் சுருங்காமல் நிற்பதால் வாய்க்கால் வாய்க்காலாகச் சுருக்கம் விழுந்து, முகங்கள் உடைந்த கண்ணாடியில் தெரிவன போலாகிவிடும்.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரிலுள்ள படிம நிலைப்பேற்று ஆய்வு நிறுவனம் இச்சிதைவைக் கணக்கிட்டுள்ளது. 21 பாகை செல்சியசிலும் 50 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் வைத்திருந்தால் புதிய அசிடேட் சுருளில் வினிகர் நெடி தொடங்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும் என்பது அக்கணக்கு. மலேசிய வீடுகளில் வெப்பம் 30 பாகையையொட்டி நிற்பது. ஈரப்பதமோ பல வேளைகளில் 80 விழுக்காட்டைத் தாண்டுவது. எனவே இங்கு அந்த 40 ஆண்டு என்பது எட்டாக் கனி. இதற்கும் முற்பட்ட நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றக் கூடியவை. நீருக்குள்ளும் எரியும் இயல்பின. கொடாக் நிறுவனம் அவ்வகைத் தயாரிப்பை 1950களின் தொடக்கத்தில் கைவிட்டது. ஓரத்தில் சேஃப்டி என்னும் எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தால் அச்சுருள் நைட்ரேட் அன்று எனத் தெளியலாம். தாத்தா காலத்துச் சுருளில் அவ்வெழுத்து இல்லையெனில் அதைக் காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்து, விவரமறிந்தவரைக் கேட்டபின் தொடுவதே முறை.

பூஞ்சை இரண்டாம் பகை. படப்படலம் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பசையால் ஆனது. பூஞ்சைக்கு அது விருந்து. ஆனால் காப்பார் வீட்டில் எல்லாவற்றையும்விடக் கேடு விளைத்தது ரப்பர்ப் பட்டைதான். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். கந்தகம் படத்திலுள்ள வெள்ளியோடு வினைபுரிந்து கறையேற்றும். பட்டை இறுக்கியிருந்த இடமெல்லாம் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. சில சுருள்களில் பட்டையே உருகி ஒட்டியிருந்தது. பால்மரத்தை நம்பி வாழ்ந்த மக்களின் முகங்களை ரப்பரே அழித்ததை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா?

பதினொரு டின்களுள் இரண்டு முற்றிலும் கட்டியாகிவிட்டிருந்தன. எஞ்சியவற்றில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்கள் தேறின. கிராணியாரின் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரும் அவருடைய அக்காள் மகனும் பணியை மேற்கொண்டனர். மேற்கொண்டனர் என்பதைவிட, இரண்டாண்டுக் காலம் எந்த ஸ்கேனர் வாங்குவது என்று வாதிட்டனர் என்பதே பொருந்தும். இந்த இரண்டாண்டின் விலை பின்னர்த் தெரியவரும்.

2014-இல் வாங்கியது மேசைமீது வைக்கும் தட்டை ஸ்கேனர். மூடியில் விளக்குள்ளதாக, ஒளி சுருளை ஊடுருவிச் செல்லும் வகையாக இருத்தல் வேண்டும். சாதாரண அலுவலக ஸ்கேனரில் சுருளை வைத்தால் கருமைதான் வரும். பெட்டிமேல் 6400 புள்ளி, 9600 புள்ளி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. இவ்வகைக் கருவிகள் மெய்யாகப் பிரித்தறியும் நுணுக்கம் ஓர் அங்குலத்துக்கு 2400 புள்ளிகளையொட்டியே நிற்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. அதற்குமேல் வைத்தால் கோப்பு பருக்குமேயன்றிப் படம் தெளியாது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர். 2400 புள்ளியில் எடுத்தால் ஏறத்தாழ 77 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். ரோலைகார்டின் சதுரப் படம் ஒரு பக்கம் 56 மில்லிமீட்டர். அதிலிருந்து அதே அளவில் 2 கோடியே 80 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். பழைய சதுரப் படங்கள் பிற்காலத்துச் சிறிய படங்களைவிடத் துலக்கமாக வருவதன் இரகசியம் இதுவே. ஒரு கூட்டப் படத்தில் பின்வரிசையில் நிற்பவரின் சட்டைப்பையிலுள்ள பேனாவைக்கூட அடையாளங்காண முடிந்தது. தட்டை ஸ்கேனரின்றி, ஒளிப்பலகைமீது சுருளை வைத்து, அண்மை வில்லை பொருத்திய டிஜிட்டல் கேமராவால் படம்பிடிக்கும் முறையும் உண்டு. சிறிய சுருள்களுக்கு அது விரைவானது. பின்னாளில் இக்குடும்பம் அதையும் கையாண்டது.

முதல் மாத வேலை முழுவதும் வீணாயிற்று. தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி அந்த ஸ்கேனரில் இருந்தது. அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, எங்கே அது தடைபடுகிறதோ அங்கே தூசி இருப்பதாகக் கொண்டு அவ்விடத்தை நிரப்புவது அதன் வேலை. வண்ணச் சுருளில் படம் சாயத்தால் ஆனது. சாயத்தை அகச்சிவப்பு தடையின்றிக் கடக்கும். கருப்பு வெள்ளைச் சுருளிலோ படம் வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அக்கதிரை மறிக்கும். ஆகவே கருவி முகத்தையே தூசியெனக் கருதித் துடைக்க முற்படும். இளைஞர் அதை முடுக்கிவிட்டு நானூறு படங்களை எடுத்திருந்தார். கண்ணிமையும் மூக்குநுனியும் மெழுகு உருகினாற்போல் மழுங்கிக் கிடந்தன. எல்லாம் மறுபடியும். துடைப்பதற்குக் காற்றூதும் ரப்பர்க் குமிழும் மென்தூரிகையுமே போதும். பூஞ்சை படிந்த சுருளை நீரில் கழுவ எண்ணுதல் கூடாது. பூஞ்சை தின்ற பசை நீரில் கரையும். படம் கழுவிய கையோடு போய்விடும்.

மற்றொரு பிழை சுவையானது. சுருளுக்கு இரு பக்கம். ஒன்று பளபளப்பு, மற்றொன்று மங்கல். தலைகீழாகப் பக்கம் மாற்றி வைத்தால் இடம் வலமாகும். பலகையில் எழுத்து இருந்தால் உடனே புலப்படும். எழுத்தில்லாத படத்தில் எங்ஙனம் அறிவது? ஆசிரியையின் தாயார் ஒரு குடமுழுக்குப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "ஏம்மா, குருக்கள் தெவசமா குடுக்குறாரு? பூணூலு வலத்தோள்ல கெடக்குதே!" என்றார். பூணூல் இடத்தோளில் இருப்பதே வழக்கம். வலத்தோளுக்கு மாறுவது நீத்தார் கடனில். மங்கல நிகழ்ச்சியில் அப்படி இருக்க முடியாது. படம் பக்கம் மாறியிருந்தது. அன்று முதல் பெண்களின் சேலைத் தலைப்பு எந்தத் தோளில், பூணூல் எந்தத் தோளில் என்று பார்த்தே படம் சேமிக்கப்பட்டது. எந்த வழிகாட்டி நூலிலும் இது எழுதப்படவில்லை.

அப்போது அந்த அம்மையாருக்கு வயது 86. இப்பணியின் உயிர்நாடி அவரே. ஸ்கேனர் முகத்தைத் தரும், பெயரைத் தராது. மாலை நேரங்களில் படங்களைத் தொலைக்காட்சித் திரையில் பெரிதாக்கிக் காட்டுவார்கள். அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்: இவர் மூன்றாம் லயத்துத் தண்டல், இவள் அவர் தங்கை, ஆயாக் கொட்டகையில் இருந்தவள், இந்தப் பையன் ஆற்றில் போனவன். கிராணியார் டின்னில் எதுவும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு சுருளுக்கும் டின் எண், சுருள் எண், பட எண் என்று ஓர் அடையாளம் கொடுத்து, அதே எண்ணில் நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதினார் ஆசிரியை. அரசாங்க அலுவலகத்துக் கோப்பு எண் போலத் தோன்றும் அந்த 04-02-07 என்பது வறட்டு வேலையாகப் படலாம். ஆனால் கோப்பு எண்ணில்லாத காகிதம் எந்த அலுவலகத்திலும் காணாமற்போன காகிதமே. பின்னர் அப்பெயர்கள் கணினியில் படக் கோப்பின் உள்ளேயே பதியப்பட்டன. படம் எங்கே போனாலும் பெயரும் உடன்போகும்.

ஓராண்டும் சில மாதங்களும் இவ்வாறு நடந்தது. 2015-இன் இறுதியில் அம்மையாரின் நினைவு தளரத் தொடங்கியது. முதலில் பெயர்கள் மாறின. பிறகு ஒரே முகத்துக்கு மாலைக்கொரு பெயர். 2016-இல், தம் திருமணப் படத்தைக் காட்டியபோது, "இந்தப் பொண்ணு நல்லாருக்கா, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மகளையே வினவினார். 2018-இல் அவர் மறைந்தார். ஐந்து டின்களில் பெயர் உண்டு. நான்கு டின்களில் இல்லை. ஸ்கேனர் வாதத்தில் கழிந்த இரண்டாண்டை அந்த நான்கு டின்களால் அளக்கலாம். எந்தக் கருவியாயினும் இருக்கட்டும். கைப்பேசியால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மங்கல் படமேயாயினும் இருக்கட்டும். முதியவர்களிடம் பெயர் கேட்பதை முதலில் முடித்துவிட்டு, நுணுக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்வதே அறிவுடைமை என்று ஆசிரியை இன்று கூறுகிறார்.

இனி, இவ்வுரையை இந்த மண்டபத்தில் நிகழ்த்தக் காரணமான செய்திக்கு வருவோம். நிலம் கைமாறியபின் அத்தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தை அகற்ற வேண்டுமென்று கூறப்பட்டது. ஆலயம் எத்தனை ஆண்டுப் பழமையுடையது என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. குழுவினரிடம் இருந்ததெல்லாம் 1968-ஆம் ஆண்டுக் குடமுழுக்கு அழைப்பிதழ் ஒன்றே. பாட்டன் காலத்துக் கோயில் என்று வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறவில்லை. 2004-இல் ஆலயம் பெயர்ந்தது. கிடைத்த இடம் முன்னிருந்ததில் பாதிக்கும் குறைவு, வாய்க்காலோரம். புதிய பெயர்ப்பலகையில் நிறுவப்பட்ட ஆண்டு 1968 என்றே எழுதப்பட்டது.

2015-இல் ஏழாம் டின்னிலிருந்து வெட்டப்படாத ஒரு துண்டு வெளிவந்தது. தொடர்ச்சியாக மூன்று படங்கள். முதற்படத்தில் தோட்ட அலுவலகத்தின் முன் தென்னங்கீற்றுத் தோரணம். துணிப் பதாகையில் 31-8-1957 என்னும் நாள். இரண்டாவதில் பெரட்டுக் களத்தில் கையில் சிறு கொடிகளோடு பள்ளிப் பிள்ளைகள். மூன்றாவதில் அதே பிள்ளைகள், அதே கொடிகள். பின்னால் செங்கற்சுவரும் துத்தநாகக் கூரையுமாக மாரியம்மன் கோயில். அருகில் இருவர் கைகோத்தாலும் அணைக்கவியலாத அரசமரம். அதைச் சுற்றி மேடை. மலாயா விடுதலை பெற்ற நாளில் அக்கோயில் கல்லும் சுண்ணமுமாய் நின்றிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மூன்று படங்களும் ஒரே சுருளின் ஒரே துண்டில் அடுத்தடுத்து இருந்தமையே இங்குச் சான்று. தனித்தனியாக அச்சிட்ட தாள்களாக இருந்திருந்தால் மூன்றாவது படம் எந்த ஆண்டினது என்று எவரும் ஐயுறலாம். ஆகவேதான் சுருளைத் தனித்தனிப் படமாக வெட்டுதல் கூடாதென்றும், முழுத் துண்டையும் அதன் ஓர எழுத்துகளோடு ஒருமுறை படமெடுத்து வைக்க வேண்டுமென்றும் கூறுவது.

அத்துண்டு 2004-இல் காப்பாரில் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. குழுவினர் அலைந்த அலுவலகங்களுக்கும் அதற்கும் இடையே ஒரு மணிநேரப் பயணந்தான். அன்று அது கையிலிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று அக்குழுவில் எவரும் அடித்துப் பேசவில்லை. காட்டுவதற்கேனும் ஒன்று இருந்திருக்கும் என்றே சொன்னார்கள். பெயர்ப்பலகை மட்டும் மாற்றி எழுதப்பட்டுள்ளது.

தனியார் திரட்டு ஒன்று இவ்வாறு பொதுச் சான்றாவது புதிதன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிள்ளைகளைப் பராமரிக்கும் செவிலியாக வாழ்ந்த விவியன் மேயர் என்னும் பெண்மணி நூறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். வாடகை கட்டாத சேமிப்பறைப் பொருள்களாக அவை 2007-இல் ஏலம் போயின. 2009-இல் அவர் மறைந்த பிறகே உலகம் அவரை அறிந்தது. பக்கத்துச் சிங்கப்பூரில், கட்டடக் கலைஞர் லீ கிப் லின் பல்லாண்டுகள் சேர்த்த வீடுகள், தெருக்களின் படங்களும் சுருள்களும் வரைபடங்களும் அடங்கிய திரட்டு 2009-இல் தேசிய நூலக வாரியத்துக்கு அளிக்கப்பட்டது. அவர் படமெடுத்த வீடுகள் பல இன்றில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களை மின்வடிவாக்கியுள்ளது. மலேசியத் தோட்டங்களின் படங்களோ இன்னும் டின்களில்தான்.

காட்டுவதற்குரியவை எவை, காட்டக் கூடாதவை எவை என்னும் வினாவும் எழுந்தது. கிராணியாரின் திரட்டில் சாவுப் படங்கள் நூற்றுக்குமேல். உடலை நாற்காலியில் சாய்த்து, சுற்றிலும் குடும்பத்தார் நின்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் அன்று இருந்தது. பலருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் அதுவே. அக்காள் மகன் எல்லாவற்றையும் முகநூலில் ஏற்ற விரும்பினார். ஆசிரியை இசையவில்லை. சாவுப் படங்கள் தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டு, அந்தந்தக் குடும்பத்தார் தேடி வந்தால் மட்டும் கொடுக்கப்படுகின்றன. இதில் ஆசிரியையின் பக்கமே நியாயம் மிகுந்தது. அழுதுகொண்டிருக்கும் தாயின் முகம் உறவினருக்கு உரியது, ஊருக்கு அன்று.

சேமிப்பைப் பற்றிச் சில சொற்கள். 1992-இல் கொடாக் நிறுவனம் போட்டோ சிடி என்னும் வட்டை வெளியிட்டது. சுருளைக் கொடுத்தால் வட்டில் ஏற்றித் தருவார்கள். இனிப் படத்துக்கு அழிவில்லை என்று பலரும் நம்பினர். அந்தக் கோப்பு வடிவம் நாளடைவில் கைவிடப்பட்டது. இன்று அதைத் திறக்கும் மென்பொருள் அரிது. சுருளோ கையால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் தெரிகிறது. ஆகவே மூலக் கோப்பை டிஃப் என்னும் பரவலான வடிவில் வைத்து, பிறருக்கு அனுப்ப மட்டும் சிறிய ஜேபெக் படி எடுப்பது நன்று. மூன்று படிகள், இரு வேறு சாதனங்கள், ஒரு படி வேறு ஊரில். இக்குடும்பத்தின் மூன்றாம் படி ஜொகூர் பாருவில் தம்பி வீட்டில் இருக்கிறது. அது வீண் முன்னெச்சரிக்கை அன்று. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் புகுந்தபோது கிள்ளான், ஷா ஆலம் வட்டாரங்களில் எத்தனை குடும்பங்கள் திருமண ஆல்பங்களைக் குப்பை லாரியில் ஏற்றின என்பதை இங்குள்ளோர் அறிவர். வெள்ளத்தில் நனைந்த சுருளை ஒட்டியபடியே உலரவிட்டால் பிரிக்க முடியாது. தூய குளிர்ந்த நீரில் வைத்து, இரண்டு நாளுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் தொங்கவிட வேண்டும். பூஞ்சை பிடித்ததற்கு நீர் பகையென்றும், புதிதாக நனைந்ததற்கு நீரே துணையென்றும் சொல்வது முரணாகத் தோன்றலாம். நிலை வேறு, மருந்தும் வேறு.

கணினியில் ஏறிவிட்டதென்று சுருளைக் குப்பையில் போடுவோர் உண்டு. அது தாயைக் கொன்று பிள்ளையை வளர்ப்பதாகும். காப்பார் வீட்டில் ரப்பர்ப் பட்டைகள் நீக்கப்பட்டு, சுருள்கள் அமிலமற்ற தாள் உறைகளில் போடப்பட்டன. பிவிசி உறைகள் சுருளைக் கெடுப்பதால் தவிர்க்கப்பட்டன. வினிகர் நெடி வீசுபவை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கப்பட்டன. டின்களுக்கு விடுதலை, அவற்றில் இப்போது முறுக்கு இருக்கிறது.

பெயரில்லாத நான்கு டின்களின் படங்களை என்ன செய்வது? பெயர்ந்த ஆலயத்தின் குழுவினர் ஒரு வழி கண்டனர். ஆடித் திருவிழாவின்போது பழைய தோட்டத்து மக்கள் எங்கிருந்தாலும் வருவார்கள். அன்னதானப் பந்தலின் பக்கத்தில் ஒரு பலகை நிறுத்தி, இருபது படங்களைப் பெரிதாக அச்சிட்டு எண்ணிட்டு மாட்டி, கீழே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கட்டி வைத்தனர். முதல் ஆண்டில் பிள்ளைகள் மீசை வரைந்ததுதான் மிச்சம். இரண்டாம் ஆண்டு பந்திங்கிலிருந்து வந்த முதியவர் ஒருவர் சாப்பாட்டு வரிசையை விட்டு விலகிப் பலகைமுன் நெடுநேரம் நின்றார். பதினான்காம் எண் படத்தில் பால்வாளியோடு நிற்கும் மூவரின் பெயர்களைக் கோணல் எழுத்தில் எழுதினார். நான்காவதாக நிற்கும் சிறுவனின் எண்ணுக்கு நேரே, "இது நான்" என்று எழுதினார். அதற்குமுன் தம்முடைய சிறுவயதுப் படம் எதையும் அவர் கண்டதில்லையாம். அன்று மாலையே அவருக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பலகை ஆண்டுதோறும் வைக்கப்படுகிறது. இருநூற்றுக்கும் மேற்பட்ட முகங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கரகப் படத்தில் பூசாரிக்குப் பின்னால், பித்தளைச் செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு நேரே இன்னும் எவரும் எதுவும் எழுதவில்லை. அவளுடைய எண் 09-03-11.